எட்டாத எட்டு

பம்மலில் சர்க்கரைக்காரர்கள் எட்டு போடுகிறார்கள். லைசென்சுக்கு இல்லை, உயிருக்கு. மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிதாக ஓர் எட்டு. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில், அந்தக் கோட்டின் மேலேயே அரை மணி நேர நடை. சாயங்காலம் ஆறரை மணிக்கு மாடி ஏறிப் பாருங்கள். மாடிக்கு ஒருவர், லுங்கியிலோ நைட்டியிலோ, சுற்றிச் சுற்றி வருவார். தலைக்கு மேல் விமானம் ஒன்று மீனம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அதில் இருக்கிறவர் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் இந்த ஊருக்கே ஏதோ பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

ஒன்றும் பிடிக்கவில்லை. கீழே இடம் இல்லை. அவ்வளவுதான்.

அரசாங்கத்திடமும் ஓர் எட்டு இருக்கிறது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கினார்கள். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று பெயர். 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை. அன்று சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் டோக்கியோ போயிருந்தபோது அங்கே அப்படி ஒரு பாதையைப் பார்த்தாராம். நூற்றுக்கும் மேல் அரை மாரத்தான் ஓடியவர் அவர். அவருடைய கால்களை நான் சந்தேகிக்கவில்லை. டோக்கியோவைப் பார்த்த கண்கள் பல்லாவரம் தாண்டி வந்தனவா என்பதுதான் என் சந்தேகம்.

சென்னைக்கான எட்டு கிலோமீட்டர் பெசன்ட் நகரில் இருக்கிறது. கடல் காற்று, மரம், மிருதுவான சாலை. அங்கே நடக்க நான் பம்மலிலிருந்து கிளம்ப வேண்டும். ஷேர் ஆட்டோவில் ஒட்டிக்கொண்டு பல்லாவரம். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு கிண்டி. அங்கிருந்து பஸ். போய்ச் சேர்வதற்குள் பொழுது விடிந்து ஆபீசுக்கு நேரமாகிவிடும். இறங்கி, எட்டு கிலோமீட்டர் பலகையைக் கும்பிட்டுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிவிடலாம். திருத்தலம் போய் வந்த புண்ணியம் கிடைக்கும். சர்க்கரை குறையாது.

இத்தனைக்கும் நான் கேட்டது எட்டு கிலோமீட்டர் இல்லை. டாக்டர் சொன்ன முக்கால் மணி நேரம்தான்.

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

“தினமும் முக்கால் மணி நேரம் நடங்க சார்.”

“எங்க டாக்டர்?”

இத்தனை வருட வைத்தியத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போல. பேனாவை மூடினார். “வீட்டுப் பக்கத்துல ஏதாவது பார்க் இருக்குமே?” என்றார். குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. அவரும் தென்சென்னைப் புறநகர்க்காரர்தான்.

சீட்டில் மூன்று மாத்திரை எழுதியிருந்தார். மூன்றும் தெருமுனைக் கடையில் கிடைத்தன. நான்காவது மருந்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாலையில் நடக்கலாமே என்பீர்கள். நடந்தேன். பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போக, நடப்பவனுக்கு மிச்சம் ஒரு சாண் ஓரம். அதில் ஏற்கெனவே ஒரு மின்கம்பம் நிற்கிறது. கம்பத்தை ஒட்டி ஒரு பைக். பைக்கை ஒட்டிப் பானி பூரி வண்டி. வண்டியைத் தாண்ட வேண்டுமானால் சாலைக்குள் இறங்கி, பின்னால் வரும் தண்ணீர் லாரியிடம் உயிரை ஒப்படைத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். இதயத் துடிப்பு நன்றாக ஏறியது. உடற்பயிற்சி நிபுணர்கள் கேட்பதும் அதைத்தான். ஆனால் மூன்றாம் நாள் கணுக்கால் பிசகி, பத்து நாள் படுத்துவிட்டேன். நோய்க்கு மருந்து தேடிப் போனவன் எலும்பு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன்.

இந்தியச் சாலைகள் காங்கிரசின் விதிப்புத்தகம் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் என்கிறது. ஆறடி. புத்தகத்தை விரித்துப் போட்டு அதன் மேல் நடக்கலாம் என்று யோசித்தேன். அகலம் போதவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பந்தியில் ஒருவர் பாயசத்தைத் தள்ளிவைக்கிறார். அல்லது தள்ளிவைப்பதுபோல நடிக்கிறார். அதே ஆய்வின் முதல் கட்டத்தில் உடலசைவு பற்றிய முடிவுகள் 2014-இல் வந்தன. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கையும் சேர்த்துப் பார்த்ததில் 54.4 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவே இல்லை. வேலை, வீட்டு வேலை போக, உடம்புக்காகவென்று நேரம் ஒதுக்கி எதையாவது செய்கிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

இந்தப் புள்ளிவிவரம் வந்ததும் மேடையில் இருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். “மக்களிடம் விழிப்புணர்வு இல்லை.” செலவில்லாமல் நடத்தக்கூடிய திட்டம் அது ஒன்றுதான். ஒரு பதாகை, இருநூறு பள்ளிப் பிள்ளைகள், ஆளுக்கொரு தொப்பி. பேரணிக்காகப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் ஊர்ச் சாலையில் மனிதன் நடக்க முடிகிறது. விழிப்புணர்வு முடிந்ததும் லாரிகளைத் திறந்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு விழிப்பும் இருக்கிறது, உணர்வும் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு முழித்துக்கொண்டு எங்கே போவது என்று உட்கார்ந்திருக்கிறோம்.

பம்மலின் சிக்கல் ஒரு தனி ரகம். இது எப்போதும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். கிராமமாக இருந்தபோது வயலும் ஏரியும் இருந்தன. யாரும் நடைபாதை கேட்கவில்லை. பிறகு பேரூராட்சி, பிறகு நகராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 75,000-க்கும் மேற்பட்ட தலைகள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. 70 வார்டுகள். இரவு நகராட்சியில் படுத்தவர்கள் காலையில் மாநகரத்தில் எழுந்தோம். வரி ரசீதில் தலைப்பு மாறியிருந்தது.

இந்த ஊர் வளர்ந்த வேகத்தில் அரசுத் திட்டங்கள் எல்லாம் எங்களை விட்டு விலகிப் போயின. 2016-இல் ஜெயலலிதா அம்மா பூங்காக்கள் 500, அம்மா உடற்பயிற்சிக்கூடங்கள் 500 என்று அறிவித்தார். பூங்காவுக்கு 20 லட்சம், கூடத்துக்கு 10 லட்சம். எல்லாம் கிராமப்புறத்துக்கு. 2024-இல் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது. கிரிக்கெட் மட்டை, கைப்பந்து, இன்னும் என்னென்னவோ, மொத்தம் 33 வகை. அது கிராம ஊராட்சிகளுக்கு. அம்மாவின் தபாலும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, கலைஞரின் தபாலும் வரவில்லை. ஆட்சி மாறியது, முகவரி மாறவில்லை. கிராமத்துத் திட்டத்துக்கு நாங்கள் நகரம். டோக்கியோ திட்டத்துக்கு நாங்கள் கிராமம்.

கிடைத்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டார்கள்? அந்தப் பூங்காக்களில், கூடங்களில் பல பூட்டிக் கிடந்த கதையைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டுவிட்டன. ஓடாத டிரெட்மில்லின் மேல் கோழி நிற்பதைக் கற்பனை செய்ய உங்களுக்கு என் உதவி வேண்டாம்.

பூட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. தென்சென்னைப் புறநகரில் ஒரு பூங்கா. பெயர் சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும்.

வாசலில் கருங்கல்லில் திறப்பு விழாக் கல்வெட்டு. பூங்காவிலேயே மிக நன்றாகப் பராமரிக்கப்படும் பொருள் அதுதான். அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், தலைவர், துணைத் தலைவர், ஆணையர், பொறியாளர் என்று இருக்கிற பெயர்களை எண்ணினால் உள்ளே இருக்கும் செடிகளைவிட அதிகம். ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சுமந்த பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) தொண்ணூறுக்கும் மேல் நாடகம் எழுதியவர். அந்தத் திறப்பு விழாவைப் பார்த்திருந்தால் கூட ஒன்று எழுதியிருப்பார். நகைச்சுவை வகையில்.

கல்வெட்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை. பந்து விளையாடக் கூடாது. ஓடக் கூடாது. புல்லில் உட்காரக் கூடாது. சைக்கிள் கூடாது. இத்தனை கூடாதுகளையும் படித்து முடித்தால் செய்யக் கூடியது ஒன்றுதான் மிஞ்சுகிறது: வெளியே போவது. அதற்கும் சிரமம் வைக்கவில்லை. கேட்டே பூட்டியிருக்கிறது. காலையில் ஆறு மணிக்கு மேல் சாவிக்காரர் மனசு வைத்தால் திறப்பார், எட்டுக்குள் மூடிவிடுவார். சாயங்காலம் நாலரைக்குத் திறந்து, விளக்கு எரியாததால் ஆறரைக்கு மூடிவிடுவார். கிண்டி தொழிற்பேட்டையிலிருந்தும் நாகல்கேணி தோல் பட்டறையிலிருந்தும் மனிதர்கள் வீடு திரும்புவது ஏழரைக்கு. அதாவது வேலையில்லாதவனுக்குத்தான் உடம்பு. மற்றவனுக்குப் பூட்டு.

உள்ளே ஓர் ஓபன் ஜிம். மஞ்சளும் நீலமும் அடித்த இரும்புக் கருவிகள். காலை வீசி வீசி ஆட்டும் கருவியில் ஒரு மிதியைக் காணோம். இன்னொரு மிதியில் ஏறி நின்றால் ஒற்றைக்காலில் தவம் செய்யலாம். அர்ச்சுனன் தபசு பார்க்க இனி மாமல்லபுரம் போக வேண்டியதில்லை. இடுப்பைத் திருப்பும் தட்டு ஒரு பக்கம்தான் திரும்புகிறது. இடப்பக்கம் போன இடுப்பு திரும்பி வர அடுத்த நிதியாண்டு ஆகும்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

“பராமரிப்பு கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு சார்” என்றார் தரைத்தளத்தில் ஒருவர். “மேல கேளுங்க.”

மேலே போனேன். “அது இன்ஜினியரிங் செக்‌ஷன். ரெண்டாவது மாடி.”

இரண்டாவது மாடியில், “மனு கொடுத்தீங்களா?”

“போன மாசமே கொடுத்தேங்க.”

“அப்ப கீழ போய் அதோட நகல் வாங்கிட்டு வாங்க.”

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறினேன், இறங்கினேன். வாரம் இரண்டு முறை, இரண்டு மாதம். மூன்றாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை குறைந்திருந்தது. டாக்டர் ஆச்சரியப்பட்டார். “எங்க சார் வாக்கிங் போறீங்க?” என்றார். சொன்னேன். என் வட்டாரத்தில் தினமும் தவறாமல் திறக்கும் ஒரே உடற்பயிற்சிக்கூடம் அந்த அலுவலகத்து மாடிப்படிதான்.

சரி, பூங்கா இருந்தால் மட்டும் ஜனங்கள் நடந்து கிழித்துவிடுவார்களா? இது நியாயமான கேள்வி. பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது, அமெரிக்காவுக்கு ஓட வேண்டாம்.

1990-களில் மருத்துவர் வி. மோகனின் குழு இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு சென்னையில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஒன்று திருமங்கலம் பக்கம் நடுத்தர வருவாய்க்காரர்கள் வசிக்கும் ஆசியாட் காலனி. மற்றொன்று தி. நகரில் குறைந்த வருவாய்க்காரர்கள் வசிக்கும் பகுதி. ஆசியாட் காலனிக்காரர்களிடம் மருத்துவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நடந்தால் என்ன ஆகும், நடக்காவிட்டால் என்ன ஆகும். விழிப்புணர்வுதான். ஆனால் அங்கே அடுத்து ஒன்று நடந்தது. கேட்டவர்கள் கைதட்டிவிட்டுக் கலையவில்லை. நடக்க இடம் வேண்டுமே என்று யோசித்தார்கள். சொந்தக் காசைப் போட்டு ஒரு பூங்காவைக் கட்டிக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் அந்தக் காலனியில் 14.2 சதவீதம். சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டபோது 58.7 சதவீதம்.

அதே சோம்பேறிகள்தான். அதே இட்லி சாம்பார், அதே டிவி சீரியல். கீழே இறங்கினால் ஒரு பாதை இருந்தது. நடந்தார்கள்.

பத்து ஆண்டு கழித்து அதே குழு இரண்டு குடியிருப்புகளையும் திரும்பப் பார்த்தது. நடுத்தர வருவாய்க் காலனியில் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆகியிருந்தது. ஏற்றம்தான், ஆனால் நிதானமான ஏற்றம். ஏழைகளின் குடியிருப்பில் 6.5 சதவீதம் 15.3 ஆகியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். பணக்கார வியாதி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது பத்தே வருடத்தில் குடிசைக்குக் குடிவந்துவிட்டது. பூங்காதான் ஒரே காரணம் என்று அந்த மருத்துவர்கள் சொல்லவில்லை. கையில் கொஞ்சம் காசு வந்தது, சாப்பாடு மாறியது, வேலை மாறியது. எல்லாம் சேர்ந்ததுதான். அவர்கள் ஆராய்ச்சியாளர்கள், அளந்துதான் பேசுவார்கள். நான் பம்மல்காரன். எனக்குத் தெரிந்த கணக்கு இது: காசு இருந்தவர்கள் பூங்காவை வாங்கிக்கொண்டார்கள். காசு இல்லாதவர்கள் வியாதியை வாங்கிக்கொண்டார்கள்.

வரி மட்டும் இரண்டு பேரும் கட்டினார்கள்.

பிரிட்டனில் இதையே பெரிய அளவில் பார்த்தார்கள். 40 முதல் 70 வயது வரை ஏறக்குறைய நான்கு லட்சம் பேர். 2018-இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் முடிவு வந்தது. வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஜிம், நீச்சல் குளம், மைதானம் என்று குறைந்தது நான்கு இருந்தவர்களின் இடுப்பு, ஒன்றுமே இல்லாதவர்களின் இடுப்பைவிட 1.22 சென்டிமீட்டர் குறைவு. ஒரு சென்டிமீட்டருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்காதீர்கள். பெல்ட்டில் புது ஓட்டை போட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நானும் என் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எண்ணிப் பார்த்தேன். பிரியாணிக் கடைகளை எண்ணுவதை இரண்டாவது தெருவிலேயே நிறுத்திவிட்டேன். பேக்கரி உண்டு. பக்கத்திலேயே மருந்துக்கடை உண்டு. அதற்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம், காலையில் வெறும் வயிற்றோடு வந்தால் தள்ளுபடி. நோய் வருவதற்கும், வந்ததைக் கண்டுபிடிப்பதற்கும், அதோடு வாழ்வதற்கும் எல்லா வசதியும் நடக்கிற தூரத்தில். நடக்கிற வசதி மட்டும் பஸ் தூரத்தில். நீச்சல் குளம்? அதுவும் இருக்கிறது. கல்லை வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்டுப் போன குவாரிக் குட்டைகள். கோடை விடுமுறையில் புறநகர்ப் பையன்கள் அங்கேதான் குதிக்கிறார்கள். சிலர் திரும்புவதில்லை. மறுநாள் மூன்றாம் பக்கத்தில் நான்கு வரி. “எச்சரிக்கைப் பலகை வைக்கப்படும்.” பையன் நீந்த இடம் கேட்டான். அவனுக்குப் பலகை கொடுத்தார்கள்.

இடம் இல்லாமல் இல்லை. இருந்த இடம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. சட்டம் தெளிவாக இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் ஒரு தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடம் கொடுக்கலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். 3,000-க்குக் கீழே ஒன்றும் வேண்டாம். பெரிய நிலத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கினால் என்ன லாபம் என்பதை இந்த விதியைப் படிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அனுமதியே இல்லாமல் பிரித்த மனைகள் தனிக்கதை. 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்த விதி வந்தது. கட்டணம் கட்டினால் போதும். அந்தக் கட்டணத்துக்குள் திறந்தவெளிக்கென்றும் ஒரு தொகை உண்டு. இல்லாத பூங்காவுக்கு ரசீது. ரசீதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறோம். பேரன் விளையாட இடம் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

பெண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பக்கத்து வீட்டு அக்கா என்னை விடமாட்டார். பகல் முழுக்கத் தோல் பட்டறையில் நின்றுகொண்டே வேலை. வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நின்றுகொண்டே வேலை. முட்டி வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால், “எக்சர்சைஸ் பண்ணும்மா” என்கிறார்கள். இருட்டின பிறகு விளக்கில்லாத தெருவில் அவர் எங்கே நடப்பது? மொட்டை மாடி எட்டுகூட அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட்தான். வீட்டு ஆம்பளை நடந்து இறங்கின பிறகு, ஒன்பதரைக்கு.

கடைசியில் அவருக்கும் சர்க்கரை வந்தது. அப்போது அரசு வந்தது. மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். 2024-இல் ஐ.நா. விருதும் வாங்கியது. நல்ல திட்டம், கிண்டல் இல்லை. எழுந்து நடக்க முடியாத கிழவிக்கு மாத்திரை வீட்டு வாசலில் கிடைக்கிறது என்றால் கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மாத்திரைக்கு எங்கள் வீட்டு விலாசம் தெரிகிறது. நடைபாதைக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? நடக்க முடியாமல் போன பிறகு கதவைத் தட்டுகிற கை, நடக்க முடிந்த இருபது வருடம் எந்தச் சட்டைப்பையில் இருந்தது?

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சிரிப்பு வருகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையைக் கண்ணாடிபோல இழைத்து, விளக்குப் போட்டு, வேலி கட்டி, ராத்திரியில் ரேஸ் கார் ஓட்டினார்கள். காருக்கு நடைபாதை இருக்கிறது. அடுத்த இரண்டாவது மாதம் பெருநகர சென்னை மாநகராட்சி இன்னொரு வேடிக்கை காட்டியது. ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, விளையாட வருகிறவன் ஒருவனுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. ஊரே காறித் துப்பியது. உடனே வாபஸ். பத்துப் பையன்கள் ஒரு மணி நேரம் பந்து உதைக்க 1,200 ரூபாய் என்று ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள். அந்த மேஜையில் இருந்த யாரும் சின்ன வயசில் தெருவில் பந்து விளையாடியதே இல்லையா?

எங்கள் பக்கத்தில் பழைய உடற்பயிற்சி வசதி ஒன்று இருக்கிறது. திருநீர்மலை. படி ஏறி இறங்கினால் மூச்சு வாங்கும், முட்டி பேசும், வியர்வை வழியும். டெண்டர் இல்லை, ரிப்பன் வெட்டவில்லை. ஆயிரம் வருடத்துக்கும் மேலாகத் திறந்திருக்கிறது. அந்தத் தலத்தின் பெருமையே பெருமாள் அங்கே நான்கு கோலத்தில் இருப்பதுதான். நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம். பம்மல்வாசிக்கு முதல் மூன்றும் கைவந்த கலை. பஸ்ஸில் நிற்கிறோம், ஆபீசில் இருக்கிறோம், ஆஸ்பத்திரியில் கிடக்கிறோம். நான்காவது கோலத்தைப் பெருமாளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள்.

அவர் நடந்த கதையும் உங்களுக்குத் தெரியும். குள்ள உருவில் வந்து மகாபலியிடம் மூன்றடி மண் கேட்டார். மகாபலி அசுரன். ஆனாலும் மனு கொடு என்று சொல்லவில்லை. நகல் கேட்கவில்லை. இரண்டாவது மாடிக்கு அனுப்பவில்லை. கமண்டலத்தைத் தூக்கித் தாரை வார்த்தான். நாங்கள் கேட்பதும் மூன்றடிதான். விதிப்புத்தகத்தின் ஆறடியில் பாதி. விஸ்வரூபம் எடுத்து உலகை அளக்க மாட்டோம். மெயின் ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய் வருவோம், கணுக்கால் பிசகாமல்.

அதுவரை உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுப் பத்திரத்தோடு மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் ஒன்று மடித்து வைத்திருப்பீர்கள். எடுத்துப் பிரியுங்கள். ஒரு மூலையில் ‘பூங்கா’ என்றோ ‘பொது உபயோகம்’ என்றோ ஒரு கட்டம் இருக்கும். அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது, யார் பெயரில் நிற்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள்.

நடந்தே போங்கள். ஓரமாக.